ஒரு மழை, ஏழு ரிஸ்க்: ஆபத்துகளைத் தனித்தனியாக எண்ணுவதால் வரும் தவறுகள்

சேலத்தில் நடுத்தர அளவில் தொழில் நடத்தும் யாரிடமாவது "உங்க தொழில்ல என்னென்ன ரிஸ்க்?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள். மழை, கிழங்கு வரத்து, ஆள், கரண்ட், விலை, வசூல், பேங்க். கொஞ்சம் பெரிய கம்பெனியாக இருந்தால் இதே பட்டியல் எக்செல் ஷீட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டு நிற்கும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு, இயக்குநர் குழு அறிக்கையில் ரிஸ்க் மேலாண்மைக் கொள்கையைப் பற்றிச் சொல்லச் சொல்கிறது. அதற்காகவாவது ஒரு ஷீட் தயாராகியிருக்கும்.

பட்டியலில் பெரும்பாலும் குறை இருக்காது. குறை அதைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் தனி ஆபத்தாகப் படிக்கிறோம். நட்டமோ ஒரு வரியில் நுழைந்து இன்னொரு வரி வழியாக வெளியே வருகிறது. எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போகும் என்பது ஷீட்டில் எங்கேயும் இருப்பதில்லை.

பொதுப்படையாகப் பேசினால் இது விளங்காது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

டிசம்பரில் ஒரு வாரம்

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோண்டியபின் காத்திருக்காத சரக்கு. ஓரிரு நாளில் உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். ஆகவே லோடு வந்தவுடன் தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் மாவு படிய விட வேண்டும். பிறகு குருணையாக்கி, வறுத்து, களத்தில் வெயிலில் காயப்போட வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு வாரம் வெயில் இல்லை என்று வையுங்கள். வடகிழக்குப் பருவமழையும் கிழங்கு சீசனும் ஒன்றின்மேல் ஒன்று விழும் ஊர் இது. அப்படி ஒரு வாரம் வருவது அதிசயமல்ல.

ஷீட்டில் 'மழை' என்ற வரிக்கு எதிரே "காயவைப்பதில் தாமதம், நடுத்தரம்" என்று எழுதியிருக்கும். எழுதியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். மழை நிற்காது.

களம் காலியாகாததால் தொட்டியில் ஈரமாவு தேங்குகிறது. தேங்கிய மாவு புளிக்கிறது, வெண்மை குறைகிறது. இது 'தரம்' என்ற வரி, குவாலிட்டி பார்க்கிறவர் பொறுப்பு. தரம் இறங்கினால் ஏலத்திலும் சரி, நேரடிப் பார்ட்டியிடமும் சரி, மூட்டைக்குக் கேட்கிற விலை இறங்குகிறது. அது 'விலை' என்ற வரி, விற்பனையைப் பார்க்கிற மகன் பொறுப்பு. ஏற்கெனவே சரக்கு வாங்கிய வடக்கத்திப் பார்ட்டி, புது லோடின் தரத்தைக் காரணம் காட்டிப் பழைய பில்லையும் சேர்த்து நிறுத்திவைக்கிறார். இது 'வசூல்'. வசூல் தள்ளினால் கிழங்கு கொடுத்த விவசாயிகளுக்குப் பணம் தள்ளுகிறது. அதே மழையில் கிழங்கில் நீர் ஏறி மாவுச்சத்தின் அளவைக் காட்டும் பாயிண்டும் இறங்கியிருக்கும். எடை போடும் இடத்தில் ஏற்கெனவே வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பணமும் தாமதமானால் அடுத்த லோடு வேறு மில்லுக்குத் திரும்பும். இது 'வரத்து', கொள்முதல் பார்க்கிற மச்சான் பொறுப்பு. லோடு வராத நாளில் கூலியும் இல்லாததால் ஆட்கள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். வெயில் அடிக்கும்போது களத்தில் துழாவக் கை இருக்காது.

இதுவரை சொன்னது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். ஊகிக்காதது பேங்க் பக்கம் இருக்கிறது.

சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் எடுக்கக்கூடிய பணம், சாங்ஷன் ஆன லிமிட் மட்டுமல்ல. மாதாமாதம் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து டிராயிங் பவர் போடுவார்கள். லிமிட், டிராயிங் பவர் இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்கலாம். கணக்கு போடும் முறை வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும். பொதுவாக, இருப்புச் சரக்கின் மதிப்பிலிருந்து இன்னும் பணம் கொடுக்காத கொள்முதலைக் கழித்து, மார்ஜின் (வங்கி கடன் தராமல் பிடித்துக்கொள்ளும் பங்கு) போக மீதியை எடுப்பார்கள். வரவேண்டிய பில்களில் 90 நாளைத் தாண்டியதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் மார்ஜின் போக எடுப்பார்கள்.

லிமிட் 90 லட்சம், அதில் 80 லட்சம் எடுத்தாயிற்று என்று வைப்போம். சாதாரண மாதத்தில் சரக்கு ஒரு கோடி, கிழங்கு பாக்கி 20 லட்சம். மீதி 80 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் போனால் 60 லட்சம். வரவேண்டிய பில் 60 லட்சம், 40 சதவீத மார்ஜின் போக 36 லட்சம். மொத்தம் 96 லட்சம். பேங்க் மேனேஜர் சிரித்த முகமாகக் காபி கொடுப்பார்.

மழைக்குப் பிறகு தரம் இறங்கிய சரக்கின் மதிப்பு 80 லட்சம். கிழங்கு பாக்கி 35 லட்சம் ஆகிவிட்டது. மீதி 45 லட்சத்தில் மார்ஜின் போக 33.75 லட்சம். பில் 60 லட்சத்தில் 20 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது. மிச்சம் 40 லட்சத்தில் மார்ஜின் போக 24 லட்சம். மொத்தம் 57.75 லட்சம். எடுத்திருப்பது 80 லட்சம். 22.25 லட்சம் மேலே நிற்கிறது.

கவனியுங்கள், பேங்க் புதிதாக எந்த முடிவும் எடுக்கவில்லை. லிமிட்டைக் குறைக்கவில்லை, வட்டியை ஏற்றவில்லை. சரக்கின் தரம், விவசாயி பாக்கி, பார்ட்டி வசூல் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் போய்ச் சேர்ந்து, பணம் அதிகம் தேவைப்படுகிற அதே மாதத்தில் பணத்தின் வாயைச் சுருக்கிவிட்டன. நிலுவை, டிராயிங் பவருக்கு மேலேயே தொடர்ந்து 90 நாள் நின்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்கு வாராக்கடன். அதன்பிறகு அடுத்த சீசனுக்கு எந்த வங்கியும் எளிதில் கதவைத் திறக்காது.

ஷீட்டில் இந்த ஏழும் தனித்தனி 'நடுத்தரம்'. ஏழு மஞ்சள் கட்டம். சிவப்பு ஒன்றுகூட இல்லை.

தவறு: வரிக்கு வரி மார்க் போடுவது

வாய்ப்பு ஒன்றிலிருந்து ஐந்து, பாதிப்பு ஒன்றிலிருந்து ஐந்து, இரண்டையும் பெருக்கி மார்க். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். பழகுவதற்கு எளிது என்பதைத் தவிர இதற்கு வேறு சிறப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. இந்த முறைக்குள் ஒரு சொல்லப்படாத அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒன்று நடப்பதற்கும் இன்னொன்று நடப்பதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தமில்லை என்றால் கணக்கு எப்படி மாறும் என்று பாருங்கள். மூன்று ஆபத்து, ஒவ்வொன்றும் வருவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. மூன்றும் ஒரே நேரத்தில் வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இதைப் பார்த்து "அதெல்லாம் நடக்காது" என்று மூடி வைக்கிறோம். மூன்றுமே ஒரே மழையின் பிள்ளைகள் என்றால், மூன்றும் சேர்ந்து வர வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு அருகில் வந்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒன்றும் பத்தில் ஒன்றும் ஒரே விஷயமா?

ஆகவே மார்க் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது எதனால் வரும்? வந்தால் அடுத்து எந்த வரியைத் தொடும்? பல வரிகளுக்கு முதல் கேள்வியின் பதில் ஒன்றாகவே வந்தால், அந்தப் பதில்தான் உண்மையான ஆபத்து. வரிகள் அதன் அடையாளங்கள்.

தவறு: ஒரே மலையில் இரண்டு வழி

"எங்களுக்கு மாற்று ஏற்பாடு இருக்கு." இந்த வாக்கியத்தைக் கேட்டால் நான் உடனே சந்தேகப்படுவேன்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அராபிகா காபி வைத்திருக்கும் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழம் பறிப்பு பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை. பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் போட வேண்டும், பிறகு களத்தில் உலர்த்த வேண்டும். தோட்டக்காரர் கெட்டிக்காரர், வாங்குபவர் இருவரை வைத்திருக்கிறார், லாரிக்காரர் இருவர், டீசல் வாங்க இரண்டு இடம். எல்லாம் இரண்டிரண்டு. அந்த இரண்டிரண்டும் ஏறி இறங்குவது சேலத்திலிருந்து போகும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையில். அது அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறது. அதுவும் அதே மலையில், அதே மழையில் நனைகிற சாலைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து உள்மாவட்டங்களுக்குள் வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அன்றைக்கு இரண்டாவது லாரிக்காரரின் போன் நம்பரால் என்ன பயன்?

கீழே டவுனிலும் அதே மழைதான். திருமணிமுத்தாறு சேர்வராயனில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடி வருகிறது. மலையில் தோட்டமும், ஆற்றோரத் தாழ்வான பகுதியில் குடோனும் வைத்திருப்பவர் "சொத்தைப் பிரிச்சு வெச்சிருக்கேன்" என்று நினைத்தால், தண்ணீர் அவரைவிட நன்றாக அந்த ஊர்களை இணைத்து வைத்திருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கம் வந்தபோது ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்துக்கு வெளி மின்சாரம் போனது. அவசர டீசல் ஜெனரேட்டர்கள் திட்டப்படி ஓட ஆரம்பித்தன. ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் சுனாமி வந்து, பெரும்பாலும் கட்டடங்களின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்த அந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஜெனரேட்டர் இருந்தது உண்மை. அவற்றில் பெரும்பாலானவை தண்ணீருக்கு ஒரே மாதிரி எட்டும் இடத்தில் இருந்ததும் உண்மை.

இன்னொன்று, சங்கிலி எவ்வளவு சின்ன இடத்தில் தொடங்கும் என்பதற்கு. 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்து, சில நிமிடங்களில் அணைக்கப்பட்டது. புகையும் தண்ணீரும் தூசி இல்லாத அறைகளைப் பாழாக்கின. அந்தச் சிப்பை வாங்கிய நோக்கியா உடனே விழித்துக்கொண்டு வேறு ஆலைகளில் உற்பத்தியைப் பிடித்தது. எரிக்ஸனுக்கு அந்தச் சிப்புக்கு வேறு வழியே இல்லை. நட்டம் சுமார் 40 கோடி டாலர். அடுத்த ஆண்டே அது செல்போன் தொழிலை சோனியுடன் கூட்டு நிறுவனமாக்கியது. வேறு காரணங்களும் அதில் உண்டு. ஆனாலும் அடுத்தவர் ஆலையில் பிடித்த தீ, தன் 'தீ' வரியில் வராது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இணைப்பு என்றாலே கெடுதல் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து பாதி இந்தியா இருட்டானபோது, தென் தொகுப்பு அவற்றோடு ஒத்திசைவாக இணைக்கப்படாததால் நாம் தப்பினோம். ஆனால் அதே இணைப்பு இல்லாததால்தான் அப்போது வடக்கே மின்சாரம் உபரியாக இருந்தாலும் போதுமான அளவு இங்கே கொண்டுவர முடியவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று இணைத்தார்கள். இணைத்ததே சரி. இணைக்கும்போது என்ன புதிதாக உள்ளே வரும் என்று தெரிந்துகொண்டு இணைப்பதுதான் வேலை.

தவறு: வைத்தியம் எங்கே வலிக்கும் என்று பார்க்காதது

ஷீட்டில் கடைசிக் கட்டம் 'நடவடிக்கை'. அதை நிரப்பியவுடன் அந்த வரி பச்சையாகிவிடுகிறது. நடவடிக்கையும் ஒரு செயல்தானே, அதற்கும் விளைவு உண்டு என்று யாரும் அடுத்த வரியைப் பார்ப்பதில்லை.

மறுபடி ஏற்காட்டுக்கே போவோம், ஏனென்றால் இதற்குக் காபித் தோட்டத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு வருடம் விலை சரியில்லை. கையில் பணம் இல்லை. தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் நன்றாகத் திரண்டு நிற்கின்றன, மரத்துக்கு விலையும் இருக்கிறது. அனுமதி வாங்கி ஒரு பகுதியை வெட்டி விற்றால் வருடம் ஓடிவிடும். 'பணப்புழக்கம்' என்ற வரி பச்சை.

அந்த மரத்தில்தான் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மரம் போனால் மிளகு போச்சு. காபி விலை விழும் வருடத்தில் தோட்டத்தைத் தாங்கிப் பிடிக்க வைத்திருந்த துணை வருமானம் அது. அந்த மரம்தான் காபிச் செடிக்கு நிழலும். நிழல் திறந்துவிட்டால் வெயில்படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடத் தேடி வருகிறது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அராபிகாவுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. புழு தண்டுக்குள் மாதக்கணக்கில் துளைத்துக்கொண்டே இருக்கும். வெளியே தெரியும்போது செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. மறு நடவு காய்ப்புக்கு வர மூன்று நாலு வருடம். ஒரு வருடப் பணமுடைக்குச் செய்த வைத்தியம், பல வருட விளைச்சலைத் தின்கிறது.

இதில் காலத்தைக் கவனிக்க வேண்டும். மரம் வெட்டிய வருடம் கணக்குப் புத்தகம் அழகாக இருக்கும். ஆடிட்டர்கூடப் பாராட்டுவார். துளைப்பானின் கணக்கு பின்னால் வரும். அப்போது அதை 'பூச்சித் தாக்குதல்' என்று புது வரியாக எழுதுவார்கள், பழைய வரியோடு யாரும் சேர்த்துப் படிக்க மாட்டார்கள். மெதுவாக ஓடும் இணைப்புகள் மாதாந்திர ரிவ்யூவில் சிக்காது. குச்சிக்கிழங்கும் அப்படித்தான். பணம் தாமதமான விவசாயி இந்த சீசனில் சண்டை போட மாட்டார். பயிர் எட்டுப் பத்து மாதம். அடுத்த நடவில் உங்களுக்கு என்று நினைத்து நட மாட்டார், அவ்வளவுதான்.

சேகோ பேக்டரிக்காரர் மழைக்கு வைத்தியமாக உலர்த்தும் இயந்திரம் வாங்கினாலும் இதே கேள்வி உண்டு. வெயிலை நம்பியிருந்தவர் இனி கரண்டையும் எரிபொருளையும் நம்புகிறார். கூடவே மாதத் தவணை வேறு. வாங்கக் கூடாது என்பதில்லை. வாங்கும் முன் அது எந்த வரியை மஞ்சளாக்குகிறது என்று எழுதிவிட்டு வாங்க வேண்டும்.

தவறு: 'இன்சூரன்ஸ் இருக்கு'

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பெரிய ஆபத்து என்று திருட்டையும் தீயையும் எழுதுவார்கள். எதிரே "பாலிசி உண்டு". பச்சை. வெள்ளி விலை ஏற்ற இறக்கம் தனி வரி. அது வியாபாரம் பார்ப்பவர் கவலை.

பட்டறையில் எந்நேரமும் 20 கிலோ வெள்ளி இருக்கிறது. கிலோ 80,000 ரூபாய் இருக்கும்போது 16 லட்சத்துக்கு பாலிசி எடுத்தார்கள். வெள்ளி ஏறி 1,20,000 ஆனது. 2025இல் அது ஒரு லட்சத்தைத் தாண்டி எங்கேயோ போனது எல்லோருக்கும் தெரியும். சரக்கின் மதிப்பு இப்போது 24 லட்சம், பாலிசி அதே 16 லட்சம். தீயில் 6 லட்ச ரூபாய்க்குச் சேதம் என்றால், "16 லட்சத்துக்குள்தானே, முழுசா வரும்" என்று நினைப்போம். வராது. பாலிசியில் விகித விதி இருக்கும். குறைவாகக் காப்பீடு செய்த விகிதத்தில் இழப்பையும் குறைப்பார்கள். 24இல் 16 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. கைக்கு வருவது 4 லட்சம்.

விலை வரி ஏறியபோது காப்பீட்டு வரி தானாக இறங்கிவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை. வெள்ளி கூலிக்கு வந்த அடுத்தவர் சரக்கு என்றால், குறையும் 2 லட்சம் பட்டறைக்காரர் தலையில். கூடவே வியாபாரியின் நம்பிக்கையும் போகும்.

தொழில் நின்றுபோனால் லாப இழப்பைத் தரும் பாலிசியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரணமாக அது உங்கள் இடத்தில், காப்பீடு செய்த ஆபத்தால், சொத்துச் சேதம் ஏற்பட்டால்தான் வேலை செய்யும். சாலை அடைபட்டு லாரி வராதது, சப்ளையர் ஆலையில் தீப்பிடித்தது எல்லாம் தனியாகக் கேட்டு, பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. சேர்த்திருந்தாலும் கிளைம் வரும் மாதம் வேறு, சம்பளம் போட வேண்டிய சனிக்கிழமை வேறு.

சுற்றிச் சுற்றி வரும் வரிகள்

சில இணைப்புகள் நேர்கோட்டில் போகாமல் வட்டமாகத் திரும்பி வரும். இவைதான் மோசம்.

பெரிய ஆலைக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறை. வசூல் தாமதம், அதனால் ஜிஎஸ்டி கட்டப் பணம் இல்லை, ரிட்டர்ன் தள்ளுகிறது. பில் பதிவாகாததால், வரி வரவைக் காட்டும் வாங்கியவரின் 2பி படிவத்தில் அது தெரியாது. தெரியாவிட்டால் அவருக்கு வரி வரவு கிடையாது. ஆகவே அவர் "ரிட்டர்ன் போடு, அப்புறம் பணம்" என்கிறார். பணம் வந்தால்தான் ரிட்டர்ன். மாதாந்திர 3பி ரிட்டர்னை இரண்டு மாதம் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால், சரக்கை அனுப்பத் தேவையான இ-வே பில் போட முடியாமல் முடங்கும். சரக்கே கதவைத் தாண்டாது. 90 நாள் தாண்டிய பில் டிராயிங் பவரிலிருந்து கழன்றுகொள்ளும் கதையை மேலே பார்த்தோம், அதுவும் இதில் சேரும்.

வட்டத்தை எங்கே வெட்டுவது? எல்லா இடத்திலும் முட்டி மோத வேண்டாம், ஒரு இடம் போதும். என் யோசனை ரிட்டர்னில் வெட்டுவது. வரிப் பணத்தை வரும்போதே வேறு கணக்கில் ஒதுக்கிவிட்டால் வட்டம் உடையும். வசூலில் வெட்டுவதற்குச் சட்டம் ஆயுதம் தந்திருக்கிறது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் ஒரே பெரிய பார்ட்டியை நம்பி நிற்பவர் அந்த ஆயுதத்தை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார். 'ஒரே வாடிக்கையாளர்' என்ற வரி, 'சட்டப் பாதுகாப்பு' என்ற வரியைச் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது.

தவறு: எல்லாக் கோடும் முதலாளி போனில் முடிவது

பட்டியலில் எழுதாத ஒரு வரி உண்டு. எழுதச் சொன்னால் கோபம் வரும். முதலாளி பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால்?

ஜிஎஸ்டி ஓடிபி அவர் போனுக்கு. செக்கில் கையெழுத்து அவருடையது மட்டும். டிஜிட்டல் கையெழுத்துச் சாவி அவர் பீரோவில். கிழங்கு ஏஜென்ட் யார், யாருக்கு எவ்வளவு வாய்வார்த்தையில் பேசியிருக்கிறது என்பது அவர் தலையில். பேங்க் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீனும் அவரே. ஆகவே தொழிலின் கடன் வீட்டுப் பத்திரத்தோடும் இணைந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிப் பொறுப்பாளர் போட்டு அழகாக ஷீட் செய்திருப்பார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே ஆளுக்குத்தான் போன் செய்வார்கள். இதற்குத் தீர்வு நீளமாக எழுத வேண்டியதில்லை. இரண்டாவது கையெழுத்து, இரண்டாவது போன் நம்பர், எழுதி வைத்த பாக்கிக் கணக்கு. ஒரு வார வேலை.

தவறு: எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கோடு போட்டு இணைப்பது

இதுவரை படித்துவிட்டு ஆர்வத்தில் யாராவது ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி எல்லா ரிஸ்கையும் வட்டமாக எழுதி ஒன்றோடொன்று கோடு இழுக்க ஆரம்பிப்பார்கள். 20 ரிஸ்க் என்றால் 190 ஜோடி. சுவரில் மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். அதை வைத்து ஒருவரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. எதுவும் இணைக்காத பட்டியலும் எல்லாமும் இணைந்த படமும் பயனில் ஒன்றுதான்.

தேட வேண்டியது முடிச்சுகளை. நம் ஊர்த் தொழில்களில் பல வரிகள் போய் முட்டும் இடங்கள் பெரும்பாலும் ஐந்தாறுதான்: பேங்க் லிமிட், தண்ணீர், கரண்ட், ஒரு சாலை, ஒரு ஆள், ஒரு பெரிய பார்ட்டி. ஒவ்வொரு ரிஸ்கும் இவற்றில் எதைத் தொடுகிறது என்று பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்து எழுதினால் போதும். எந்தப் பெயர் அதிகம் திரும்ப வருகிறதோ அங்கே காசைப் போடுங்கள். அந்த சேகோ பேக்டரிக்கு அது மழையாகக்கூட இருக்காது, டிராயிங் பவராக இருக்கும். மழையை நிறுத்த முடியாது. லிமிட்டை 80 லட்சம் வரை இழுக்காமல் 55 லட்சத்தில் நிறுத்தி சீசனுக்குள் நுழைவதும், கிழங்குப் பாக்கியை எதற்கு முன்னாலும் தீர்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்வதும் முடியும்.

இந்தக் கட்டத்தை ஒருவர் தனியாக உட்கார்ந்து நிரப்பினால் பழைய ஷீட்டேதான் வரும். களத்து மேஸ்திரி, கொள்முதல் மச்சான், கணக்குப்பிள்ளை, விற்பனை பார்க்கும் மகன் நான்கு பேரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். "டிசம்பர் 3, காலை ஆறு மணி, மழை நிற்கலை, தொட்டி நிறைஞ்சிருக்கு. இப்ப என்ன?" என்று மேஸ்திரியிடம் ஆரம்பித்து, அவர் சொல்லும் பதிலை அடுத்தவரிடம் தள்ளி, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். மூன்று 'அப்புறம்' தாண்டினால் யாருக்கும் தெரியாத ஒரு இணைப்பு வெளியே வரும். ஸ்டாக் ஸ்டேட்மென்டில் கிழங்குப் பாக்கியைக் கழிப்பார்கள் என்பது கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியாது. புளித்த மாவு எத்தனை மூட்டை என்பது மேஸ்திரிக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது.

வடகிழக்கு மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு முறை, பேங்க் லிமிட் புதுப்பிக்கும் முன் ஒரு முறை. வருடத்துக்கு இந்த இரண்டு உட்காரல் போதும். நடுவில் பெரிய பார்ட்டி ஒன்று புதிதாக வந்தாலோ, பழைய மேனேஜர் கணக்கு முடித்துக்கொண்டு போனாலோ, ஏதாவது ஒரு 'நடவடிக்கை'க்காகப் பெரிய கடன் வாங்கினாலோ, அன்றைக்கு இன்னொரு முறை உட்காருங்கள்.